உப்புத்தண்ணீர் தொட்டிக்கு ஸ்கிம்மர்: எந்த அளவு வாங்குவது?

பெட்டியின் மேல் "500 லிட்டர் வரை" என்று போட்டிருப்பதை மட்டும் பார்த்து ஸ்கிம்மர் (தண்ணீரில் கரைந்த அழுக்கை நுரையாக்கி வெளியே எடுக்கும் கருவி) வாங்காதீர்கள். அந்த எண் பெரும்பாலும் இரண்டு மூன்று சின்ன மீன் மட்டும் இருக்கிற தொட்டிக்குப் பொருந்துகிற எண். உங்கள் தொட்டியில் என்ன மீன் இருக்கிறது, ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடுகிறீர்கள் என்பது அதைச் செய்தவருக்குத் தெரியாது.

தேவகோட்டையில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் நாலடித் தொட்டி வைத்து முதலில் வாங்கியது 250 லிட்டர் என்று போட்டிருந்த ஸ்கிம்மர். தொட்டியும் ஏறக்குறைய அவ்வளவுதான், அதனால் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் உள்ளே ஒரு லயன்ஃபிஷ், ஒரு ட்ரிகர், இரண்டுக்கும் தினமும் இறால் நறுக்கிப் போடுகிறேன். ஸ்கிம்மரின் மேலே அழுக்கு சேரும் கப் ஒரே நாளில் கருப்பாக நிரம்பிவிடும், ஆனாலும் கண்ணாடியில் பாசி படர்ந்துகொண்டே இருந்தது, மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் இறங்கவே இல்லை. கோபத்தில் அடுத்து 1000 லிட்டர் ஸ்கிம்மராக வாங்கினேன். அதற்குள் அந்த இரண்டு பெரிய மீனையும் நண்பரிடம் கொடுத்துவிட்டு க்ளௌன் மீன் ஜோடியும் இரண்டு டாம்செல்லும் மட்டும் வைத்திருந்தேன். இப்போது நுரை கழுத்தில் பாதி வரை ஏறும், உடைந்து கீழே விழும், திரும்ப ஏறும், கப்பில் ஒரு சொட்டுகூட விழாது. இப்படி இரண்டு முறை பணம் போன பிறகுதான் புரிந்தது, தண்ணீரை அளப்பதோடு நிற்கக் கூடாது, தீனியையும் அளக்க வேண்டும்.

ஸ்கிம்மர் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும். பம்ப் காற்றை இழுத்து மிகச் சின்னக் குமிழிகளாக உடைத்துத் தண்ணீரில் கலக்கிறது. மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் இருந்து வரும் புரதம், கொழுப்பு மாதிரியான பொருள்களில் ஒரு முனை தண்ணீரை நாடும், இன்னொரு முனை தண்ணீரை விட்டு விலகும். அவை குமிழியின் மேல் ஒட்டிக்கொண்டு மேலே வந்து, கழுத்தில் நுரையாகக் குவிந்து கப்பில் விழுகின்றன. தொண்டிக் கரையில் காற்றடிக்கிற நாளில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் மஞ்சள் நுரையும் இதே விதத்தில் உண்டாவதுதான். உப்புத்தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் சின்னதாகவே நிற்பதால்தான் இது நடக்கிறது. நல்ல தண்ணீர் மீன் தொட்டியில் ஸ்கிம்மர் போட்டுப் பயனில்லை, யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

ஆக நுரைக்கு மூலப்பொருள் அழுக்குதான். அழுக்கு போதாவிட்டால் எவ்வளவு பெரிய ஸ்கிம்மர் வைத்தாலும் நுரை நிற்காது. நம் ஊர் வீடுகளில் கல்யாணத்துக்கென்று வைத்திருக்கும் அண்டாவில் நாலு பேருக்குச் சாம்பார் வைத்தால் அடியில் பரவி வற்றித் தீய்ந்து போகும் இல்லையா, பெரிய ஸ்கிம்மரிலும் நுரை அப்படித்தான் கழுத்து முழுக்கப் பரவிச் சேராமல் போகிறது. அமெரிக்காவில் கென் ஃபெல்ட்மேன் என்ற வேதியியல் பேராசிரியர் 2009, 2010-இல் பல ஸ்கிம்மர்களை வைத்து அளந்து பார்த்தார். தண்ணீரில் இருக்கும் மொத்தக் கரிமப் பொருளில் ஏறக்குறைய 20 முதல் 35 சதவீதத்தைத்தான் அவை எடுத்தன. மீதி நுரையில் ஒட்டாத வகை, அதற்குத் தண்ணீர் மாற்றுவதும் வடிகட்டும் கரியான கார்பனும்தான் வழி. பெரியதாக வாங்கினால் எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்ற நினைப்பை இத்தோடு விட்டுவிடலாம்.

சரி, இப்போது அளவு. கடையில் நாலடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை என்றால் 9 கன அடி, கன அடிக்கு 28.3 லிட்டர், 255 லிட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். உண்மையில் உள்ளே அவ்வளவு தண்ணீர் இருக்காது. டேப்பை எடுத்துக் கண்ணாடியின் உள்பக்கத்தை அளங்கள். என் தொட்டி உள்ளே 118 செ.மீ. நீளம், 43 செ.மீ. அகலம். மணலின் மேல்மட்டத்திலிருந்து தண்ணீர் மட்டம் வரை 36 செ.மீ. மூன்றையும் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 183 லிட்டர். 20 கிலோ கல் அடைக்கிற இடத்துக்கு ஒன்பது பத்து லிட்டர் கழித்தேன். கீழே சம்பில் (மேல் தொட்டித் தண்ணீர் இறங்கி வரும் சின்னத் தொட்டி, ஸ்கிம்மர் இருப்பதும் இதில்தான்) 75-க்கு 30, தண்ணீர் 20 செ.மீ. உயரம், அது 45 லிட்டர். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 220. இன்னும் தொட்டி வைக்காதவர்கள், முதல் முறை நிரப்பும்போது எத்தனை குடம் ஊற்றுகிறோம் என்று எண்ணிவிட்டால் இந்தக் கணக்கே வேண்டாம்.

(கல் என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும். கல்லாகும் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்து வந்த பவளக்கல் என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அந்தக் கடலுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது. தொட்டியில் வளர்த்த க்ளௌன் மீனே கிடைக்கிறது, மண்டபத்தில் இருக்கும் மத்திய அரசின் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் அதைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையைப் பல வருடமாகவே கையில் வைத்திருக்கிறது.)

அடுத்து தீனி. ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை வேளை, எத்தனை சிட்டிகை, எத்தனை துண்டு இறால். க்ளௌன் ஜோடி, ஒரு கோபி, ஒரு வேளை ஒரு சிட்டிகைத் தீனி என்றால் அது லேசான தொட்டி. நான் அதற்குப் பெட்டியில் போட்ட எண்ணாக, உண்மையான தண்ணீரைவிடக் கால் பங்கு கூடுதலாகப் பார்ப்பேன். 220 லிட்டருக்கு 275 அல்லது 300 போதும். ஆறேழு மீன், அதில் ஒரு டேங், இரண்டு வேளை தீனி என்றால் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு, அதாவது 330-லிருந்து 440. லயன்ஃபிஷ், ட்ரிகர், ஈல் மாதிரி மாமிசம் தின்கிறவை இருந்தால் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. அதற்கு மேல் போகாதீர்கள். பெட்டியில் லேசு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று எண் தனித்தனியாகப் போட்டிருந்தால் இந்த மடங்கெல்லாம் வேண்டாம், உங்கள் வகைக்கு எதிரே இருக்கும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுபது எண்பது லிட்டருக்குக் கீழான தொட்டிக்கு ஸ்கிம்மரே வேண்டாம் என்பது என் கருத்து, வாரா வாரம் பத்துப் பதினைந்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் அதே வேலை நடந்துவிடும்.

"பின்னால இன்னும் மீன் சேர்ப்பேன், அதனால பெருசா வாங்கிடறேன்" என்பார்கள். அடுத்த ஆறு மாதத்தில் சேர்க்கப் போகும் மீனுக்குச் சேர்த்து வாங்குங்கள். ஐந்து வருடம் கழித்து வரப்போகும் மீனுக்கு வாங்க வேண்டாம்.

பெட்டி எண் இல்லாமல் இயந்திரத்தையே பார்த்துக் கணிக்க வேண்டுமானால் உடலின் விட்டத்தைப் பாருங்கள். 4 அங்குல உடல் 200 முதல் 250 லிட்டர், 6 அங்குலம் 400, 500 வரை, 8 அங்குலம் 700-க்கு மேல் என்பது பலரும் வைத்திருக்கும் உத்தேசம். கழுத்து அகலமாக இருந்தால் நிறைய அழுக்கு வேண்டும், குறுகலாக இருந்தால் கொஞ்ச அழுக்கிலும் நுரை கெட்டியாக ஏறும். அதனால் மீன் குறைவாக வைப்பவர்கள் குறுகிய கழுத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மாடலில் எது என்று குழம்பினால் மணிக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறது என்று கேளுங்கள். பம்ப் எத்தனை வாட் என்பதைவிட அது பயனுள்ள எண்.

அளவு என்றால் இன்னொன்றும் உண்டு, சம்புக்குள் அது நுழைய வேண்டும். சம்ப் அறையின் நீள அகலத்தோடு அலமாரியின் உயரத்தையும் அளங்கள். கப்பை மேலே தூக்கித்தான் கழற்ற முடியும், அதற்கு ஒரு சாண் இடம் தனியாக வேண்டும். அப்புறம் தண்ணீர் ஆழம். பெரும்பாலான ஸ்கிம்மர் 15-லிருந்து 23 செ.மீ. ஆழத்துக்குள் ஏதோ ஓர் அளவைக் கேட்கும், அட்டையில் எழுதியிருக்கும், அது முக்கியம். தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் இருக்கிற அறையில் வைக்காதீர்கள். நம் ஊர்ச் சித்திரை வைகாசி வெயிலில் தண்ணீர் ஆவியாகி அந்த அறையின் மட்டம்தான் தினமும் இறங்கும், மட்டம் இறங்கினால் நுரையும் இறங்கும். தடுப்புக் கண்ணாடி வைத்து மட்டம் மாறாமல் இருக்கும் அறையில் வையுங்கள்.

வெயில் என்றதும், கோடையில் இங்கே ஸ்கிம்மருக்கு இரண்டாவது வேலையும் இருக்கிறது. கடல் தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் 6.2-தான். மீனுக்குச் சூட்டில் கூடுதல் ஆக்சிஜன் வேண்டும், தண்ணீரில் இருப்பதோ குறைவு. ஸ்கிம்மர் கலக்குகிற காற்று அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும். எங்கள் வீடுகளில் உயரக் கூரையும் வளவும் (நடு முற்றம்) இருப்பதால் அறை அவ்வளவு சூடாகாது, அதனால் தொட்டியை மேல்மாடியில் வைக்காமல் வளவை ஒட்டி, நேர் வெயில் விழாத இடத்தில் வையுங்கள். காற்றுக்குழாயின் முனையும் வளவுப் பக்கம் இருந்தால் நல்லது, மூடிய அறையில் சேரும் கரியமில வாயுவை இழுக்காமல் இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் இடத்துக்கும் கொசுவர்த்திக்கும் அது எட்டாமல் இருக்க வேண்டும், ஸ்கிம்மர் இழுக்கிற காற்று முழுக்கத் தண்ணீருக்குள்தான் போகிறது. பூச்சி மருந்து அடிக்கும் நாளில் ஸ்கிம்மரை நிறுத்திவிட்டு, புகை போன பிறகு போடுங்கள்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்றும் வாங்கும் முன்பே யோசியுங்கள். மேல் தொட்டியில் தண்ணீர் 1 செ.மீ. இறங்கினாலே என் கணக்கில் 5 லிட்டர், அது சம்பில் 2 செ.மீ.க்கு மேல் ஏறும். 2 செ.மீ. இறங்கினால் நாலரை செ.மீ. ஏறும். கரண்ட் வந்ததும் ஸ்கிம்மர் அந்த ஆழத்தில் ஆரம்பித்துப் பொங்கிவிடும். ஒருநாள் மதியம் அப்பத்தா கூப்பிட்டு, "என்னப்பா, பால் பொங்குன மாதிரி பொங்குது, வந்து பாரு" என்றார்கள். போய்ப் பார்த்தால் கப் வழிந்து, பழுப்புத் தண்ணீர் அலமாரிக்குக் கீழே ஆத்தங்குடிக் கல்லில் ஓடியிருந்தது. துடைத்தாலும் அந்த இரண்டு கல்லில் வெள்ளையாக உப்பு பூத்துப் பூத்து வந்தது, சிமென்டுக்கல் ஆயிற்றே, ஈரத்தை இழுத்துவிடும். அதிலிருந்து கப்பின் அடிக்குழாயை ஐந்து லிட்டர் கேனுக்கு விட்டிருக்கிறேன், ஸ்கிம்மரின் பிளக்கில் மட்டும் பத்து நிமிடம் தாமதமாக ஓடவைக்கும் டைமர் மாட்டியிருக்கிறேன். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் வகையாக இருக்கட்டும், மற்றதில் பம்ப் உறுமிச் சூடாகும்.

புது ஸ்கிம்மர் முதல் சில நாள் சரியாக ஓடாது, சிலது இரண்டு வாரம் எடுக்கும். அதற்குள் அளவு தப்பு என்று முடிவு செய்யாதீர்கள். தண்ணீரும் நுரையும் சேரும் கோடு கழுத்தின் அடியில் நிற்கும்படி வால்வைத் துளி துளியாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அரைநாள் பாருங்கள். எண்ணெய்க் கையைத் தொட்டிக்குள் விட்டால் நுரை உடனே படுத்துவிடும், தாளித்த கையோடு தீனி போடாதீர்கள். கப்பில் சேர்வது திக்கான டீ நிறத்தில் இருந்தால் எனக்குத் திருப்தி. வெளுத்துத் தண்ணீராக வந்தால் உப்பும் சேர்ந்து போகிறது, நீங்கள் நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்டினால் உப்பளவு இறங்கும், அதனால் அடிக்கடி அளந்து பாருங்கள்.

ஏற்கனவே தப்பான அளவு வாங்கிவிட்டவர்கள் உடனே விற்க வேண்டியதில்லை. சின்னதாக இருந்தால் கழுத்தை இரண்டு நாளுக்கு ஒருமுறை துடையுங்கள், அங்கே படியும் பிசுக்கு நுரை ஏறுவதைத் தடுக்கும். தீனியை ஒரு வேளை குறையுங்கள். இடம் இருந்தால் பக்கத்தில் இன்னொரு சின்ன ஸ்கிம்மர் வைக்கலாம். பெரியதாக இருந்தால், வேகம் மாற்றும் டிசி பம்ப் என்றால் வேகத்தைக் குறையுங்கள். மற்றவர்கள் டைமரில் போட்டு இரவில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பகல் முழுக்கச் சேர்ந்த அழுக்கில் நுரை நிற்கும், பாசியும் ஆக்சிஜன் தராத நேரத்தில் தொட்டிக்குக் காற்றும் கிடைக்கும். என்னுடைய 1000 லிட்டர் ஸ்கிம்மரை மாற்றும் வரை எட்டு மாதம் அப்படித்தான் ஓட்டினேன், மாலை ஏழிலிருந்து காலை ஆறு வரை.