லாகூரில் நடுத்தரச் சங்கிலி விடுதியில் தங்குவது எப்படி?

லாகூரின் குல்பர்க் பகுதியில் பல நாடுகளில் ஒரே பெயரில் இயங்கும் சங்கிலி விடுதிகளைச் சேர்ந்த நடுத்தர விடுதி ஒன்றில் அறை எடுக்கும்போது, சொல்லப்படும் வாடகையில் சேவை வரியும் காலை உணவும் அடங்குமா என்பதை முதலில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

வாயிலில் வண்டியின் அடிப்பகுதியைக் கண்ணாடி கொண்டு சோதிப்பதும், பைகளை ஊடுகதிர்க் கருவியில் அனுப்பச் சொல்வதும் வழக்கமான நடைமுறைகளே. அவற்றுக்கெனச் சற்று நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டவரின் விவரங்கள் காவல்துறைக்குச் செல்வதால் கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் நகல்களை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பது வரவேற்பு மேசையில் வீண் காத்திருப்பைத் தவிர்க்கும். தம்பதியரிடம் திருமணச் சான்றிதழ் கேட்கப்படலாம் என்பதால், அதன் நகலும் கையில் இருக்கட்டும்.

மின்சாரம் 230 வோல்ட். மின்வெட்டு இங்கே புதிதல்ல. ஜெனரேட்டர் குளிர்சாதனத்தையும் இயக்குமா என்று, குறிப்பாகக் கோடைகாலத்தில், கேட்காமல் அறையை உறுதிசெய்யாதீர்கள்.

ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் உண்பதைத் தடுக்கும் சட்டம் 1981 முதல் நடைமுறையில் உள்ளதால், அறைக்கே உணவை வரவழைத்துக்கொள்வதுதான் முறை. மற்ற நாள்களில் காலை உணவில் அல்வா பூரி இருந்தால் விட்டுவிடாதீர்கள். ரொட்டித் துண்டும் வெண்ணெயும் எந்த ஊரிலும் கிடைக்கும்.