பாரிஸ் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறீர்களா? கெட்டாரியாவுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்

பாரிஸில் ஒரு அத்தையோ சித்தப்பாவோ இல்லாத தெரு புதுச்சேரியில் குறைவு. லீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஐஃபில் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை தெற்கே இறங்கி, ஸ்பெயின் பக்கத்து பாஸ்க் கடற்கரையில் இருக்கிற கெட்டாரியாவுக்குப் போய்ப் பாருங்கள். கடலூர் துறைமுகத்தில் வளர்ந்த எனக்கு அந்த ஊர் சட்டென்று பிடிபட்டது. பிரான்ஸுக்கு எடுத்த ஷெங்கன் விசாவே போதும், ஆனால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

மோன்பர்னாஸ் ஸ்டேஷனில் ஏறினால் எல்லையில் இருக்கும் ஆந்தாய்க்குச் சுமார் 5 மணி நேரம். அங்கிருந்து யூஸ்கோட்ரென் ரயிலில் சான் செபாஸ்டியன், ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, காலையில் மறுபடி யூஸ்கோட்ரெனில் சராவுட்ஸ். கெட்டாரியாவுக்கு ரயில் கிடையாது, பஸ் உண்டு, ஆனாலும் நடந்தே போங்கள். 4 கிலோமீட்டர்தான், கடலை ஒட்டியே நடைபாதை. எலி படுத்திருப்பது போல ஒரு குன்று தூரத்திலேயே தெரியும், ஊர்க்காரர்களும் அதை எலி என்றுதான் சொல்கிறார்கள்.

போனதும் ஊர்ச் சின்னத்தைத் தேடிப் பாருங்கள், அதில் திமிங்கலம் இருக்கும். 1209-இல் காஸ்டீல் அரசர் பட்டயம் கொடுத்த இந்த ஊர் திமிங்கல வேட்டையில் வளர்ந்தது. அந்த வேட்டையும் மீன்பிடிப்பும் பழக்கிய கடலோடிகளின் ஊரில் பிறந்தவர்தான் எல்கானோ. உலகைச் சுற்றக் கிளம்பிய மகெல்லன் 1521-இல் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். மிஞ்சிய ஒரே கப்பலை 1522-இல் தன்னையும் சேர்த்து 18 பேரோடு ஸ்பெயினுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் எல்கானோ. பள்ளியில் நமக்கு மகெல்லன் பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்தது எனக்கு இன்னமும் ஆறவில்லை.

அப்புறம் சான் சால்வடோர் தேவாலயம். உள்ளே தரை பீடத்தை நோக்கி மேடேறும், பார்த்து நடங்கள். கோயிலுக்கு அடியிலேயே ஒரு வழி நுழைந்து துறைமுகத்துக்கு இறங்குகிறது, அதிலேயே இறங்கிப் போங்கள். துணி, தையலில் ஆர்வம் இருந்தால் உடை வடிவமைப்பாளர் பலென்சியாகாவின் மியூசியம். அவரும் இந்த ஊர்தான், அம்மா தையல்காரர்.

கடைக்காரரிடம் 'கைஷோ' என்று வணக்கம் சொல்லுங்கள், 'எஸ்கெரிக் அஸ்கோ' என்று நன்றி சொல்லுங்கள். இது பாஸ்க் மொழி, சுற்றியுள்ள எந்த மொழியோடும் உறவில்லாதது, ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியில் ஒடுக்கப்பட்டும் பிழைத்து நிற்கிறது. நாம் ரெண்டு வார்த்தை பேசினால் முகம் மலர்ந்துவிடுகிறார்கள்.

மதியச் சாப்பாடு அங்கே ஒன்றரை, இரண்டு மணிக்குத்தான். வாசலிலேயே கரி அடுப்பில் மீனை முழுசாகச் சுடுவார்கள். வசந்த காலமென்றால் நெத்திலி கேளுங்கள், இல்லையென்றால் டர்பட் என்ற தட்டை மீன். எடை போட்டுத்தான் விலை, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், மலிவில்லை. தலையையும் முள்ளோரப் பசையையும்தான் அவர்கள் உசத்தியாக நினைக்கிறார்கள். குழம்பில் மீன் தலைக்குச் சண்டை போட்டு வளர்ந்த கடலூர் முதுநகர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.