இரவு எட்டு மணிக்கு மேல் கால்வாயில்: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

லண்டனில் வீடு தேடும் நம்மவர்கள் முதலில் விசாரிக்கும் இடங்களில் ஆல்பர்டன், கிரீன்ஃபோர்டு, நார்தோல்ட், சவுத்தால், ஹேய்ஸ் கட்டாயம் இருக்கும். மேப்பை விரித்துப் பாருங்கள், இத்தனை ஊரையும் ஒரே கால்வாய் தொட்டுக்கொண்டு போகிறது. ஈலிங் ரோட்டில் முருங்கைக்காயும் தோசை மாவும் வாங்கிக்கொண்டு ஆல்பர்டன் ஸ்டேஷன் பக்கம் வந்தால் ஒரு பாலம் வருமே, அதன் கீழே போவது கிராண்ட் யூனியன் கால்வாயின் பேடிங்டன் கிளை. அது கிழக்கே லிட்டில் வெனிஸ் வரை போய், அங்கிருந்து ரீஜன்ட்ஸ் கால்வாயாகி, கேம்டன், கிங்ஸ் கிராஸ், இஸ்லிங்டன், ஹாக்னி என்று சுற்றி லைம்ஹவுஸில் தேம்ஸில் சேர்கிறது. 1820-இல் ரீஜன்ட்ஸ் கால்வாய் முழுமையாகத் திறந்தபோது அதில் போனது நிலக்கரியும் மரமும். இப்போது அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

வந்த புதிதில் பலருக்கும் இந்தக் கடைசி விஷயம்தான் தெரிவதில்லை. கரையோரம் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் அந்த ஒல்லியான நீளப் படகுகளைப் பார்த்தால் யாரோ வார இறுதிக்கு ஓட்டிப் போக நிறுத்தி வைத்திருப்பதாகத் தோன்றும். ஜன்னலில் திரை, வெளியே ஆள் இல்லை, கூரையில் இரண்டு செடித்தொட்டி, ஒரு சைக்கிள். உள்ளே நைட் டியூட்டி முடித்து வந்த ஒரு நர்ஸோ, கைக்குழந்தையோடு ஒரு குடும்பமோ தூங்கிக்கொண்டிருக்கலாம். லண்டன் வாடகை ஏறிய ஏற்றத்தில் படகில் குடியேறியவர்கள் ஏராளம். நம் பிள்ளைகளும் அந்தப் பக்கம் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பதால்தான் இதை விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரும்பாலான கால்வாய்களைப் பார்த்துக்கொள்வது கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட். 2012 வரை அரசு அமைப்பாக இருந்த பிரிட்டிஷ் வாட்டர்வேஸின் வேலையை எடுத்துக்கொண்ட அறக்கட்டளை இது. சுமார் 2,000 மைல் நீர்வழி இவர்கள் கையில். படகுக்கு லைசென்ஸ் கொடுப்பதும், லைசென்ஸில் நிபந்தனை போடுவதும் இவர்கள்தான். அந்த நிபந்தனைகளில் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது ஒன்று: கட்டி நிறுத்திய படகில் இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடக் கூடாது. வேறு யார் காதுக்கும் கேட்காத இடத்தில் தனியாக நின்றால் மட்டும் பரவாயில்லை.

எட்டு மணி என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. படகில் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றுவதும் வெந்நீர் போடுவதும் பெரும்பாலும் எஞ்சினை ஓட்டித்தான். ஜூன் மாதம் லண்டனில் சூரியன் மறையவே ஒன்பது மணி தாண்டிவிடும். எட்டு மணி நம் கணக்கில் மாலை ஐந்தரை மாதிரி பளிச்சென்று இருக்கும், எஞ்சினை நிறுத்த யாருக்கும் மனசு வராது. டிசம்பரில் நேர்மாறு. நாலு மணிக்கே இருட்டிவிடும், சோலார் பேனல் பெயருக்குத்தான் இருக்கும், பேட்டரி காலி, வெந்நீர் இல்லை. வேலையிலிருந்து ஏழரைக்கு வந்து சேர்ந்தவர் அரை மணி நேரத்தில் எதைச் சார்ஜ் ஏற்றுவார்? லெட்-ஆசிட் பேட்டரி நிறைய பல மணி நேரம் ஆகும். விதியை மீறுகிறவர்களில் பலர் திமிரால் மீறுவதில்லை, இந்தக் கணக்கு தப்பியதால்தான். அதனால் படகு வாங்க நினைப்பவர்கள் விலையைப் பார்க்கும் முன் பேட்டரி எவ்வளவு, சோலார் எவ்வளவு, குளிர்காலத்தில் எப்போது சார்ஜ் ஏற்றுவோம் என்று பாருங்கள். காலை எட்டிலிருந்து வீட்டில் இருந்து வேலை செய்கிறவருக்குச் சமாளிக்க முடியும். ஷிஃப்ட் வேலைக்காரருக்குக் கஷ்டம்.

சத்தத்தோடு புகையும் சேர்த்தி. இரண்டு படகு ஒட்டி நிற்கும்போது ஒன்றின் சைலன்சர் புகை மற்றதன் காற்றுத் துளைக்குள் நேராகப் போகும். தூங்குகிறவருக்கு கார்பன் மோனாக்சைடு தெரியாது, வாசனையே கிடையாது. 2019 ஏப்ரல் முதல் படகுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு அந்த வாயுவுக்கான அலாரம் கட்டாயம் ஆக்கப்பட்டது இதனால்தான். ராத்திரி எஞ்சினை நிறுத்தச் சொல்லி பக்கத்துக்காரர் கத்தினால் அது வெறும் தூக்கக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரும்புக்குள் தூங்குவது

ஒரு சாதாரண நேரோபோட்டின் (அந்த ஒல்லியான நீளப் படகுக்கு இதுதான் பெயர்) அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கம் 6, கூரையும் மேல்சுவரும் 4 மில்லிமீட்டர் இரும்பு. அகலம் ஏழடிக்கும் கொஞ்சம் குறைவு. உள்ளே நின்றால் கால் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும், படுக்கை நீர்மட்டத்தை ஒட்டினாற்போல் இருக்கும். படுத்திருப்பவரின் தலைக்கும் கரையோரப் பாதையில் (இங்கே டோபாத் என்பார்கள்) நடப்பவரின் செருப்புக்கும் இடையே நாலடி கூட இருக்காது. பாதையில் நின்று போனில் பேசினால் உள்ளே இருப்பவர் உங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது என்பது வரை தெரிந்துகொள்வார்.

கூரையில் ப்ளூடூத் ஸ்பீக்கரை வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். கீழே இருப்பது வெற்று இரும்புப் பெட்டி, குத்துப் பாட்டின் பேஸ் தகட்டில் இறங்கித் தண்ணீர் வழியாக அடுத்த நாலைந்து படகுக்கும் போகும். பாட்டு கேட்காது, 'டம் டம்' மட்டும் தலையணைக்குள் கேட்கும். வெளியே நிற்கும் உங்களுக்கு "அவ்வளவு சத்தமே இல்லையே" என்றுதான் தோன்றும்.

வேகம் இன்னொன்று. கால்வாயில் உச்ச வேகம் மணிக்கு 4 மைல். கட்டிய படகுகளைக் கடக்கும்போது அதுவும் கூடாது, டிக்கோவரில், அதாவது எஞ்சின் அணையாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் வைத்துப் போக வேண்டும். வேகமாகப் போனால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை உள்ளே இருந்து பார்க்க வேண்டும். முதலில் கடந்துபோகும் படகு முன்னால் தண்ணீரைத் தள்ளும், நின்ற படகு பின்னால் நகரும், கயிறு இறுகிக் கிறீச்சிடும். அப்புறம் தண்ணீர் திரும்ப இழுக்கும், படகு முன்னால் பாயும். ஸ்டவ்வில் இருக்கும் பால் கொட்டும், அலமாரிக் கதவு திறந்துகொள்ளும். கரை மண்ணில் அடித்த இரும்பு முளை பிடுங்கிக்கொண்டு வந்தால் தூங்குகிறவரோடு படகு கால்வாய்க்குக் குறுக்கே போய் நிற்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு முளை அடிக்க வெளியே வருகிறவர் உங்களை அன்பாக வரவேற்க மாட்டார்.

பிறந்தநாளுக்குப் படகு எடுப்பவர்கள்

யூனிவர்சிட்டி பிள்ளைகள், ஐடி நண்பர்கள், இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து என்று வாடகைப் படகு எடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. நல்ல விஷயம்தான், எடுங்கள். ஆனால் நம் வழக்கப்படி "இன்னும் ரெண்டு பேர்தானே" என்று ஏற்றிக்கொண்டே போக முடியாது. 12 பயணிகளுக்கு மேல் ஏற்றும் படகுக்குத் தனிச் சான்றிதழும் தகுதி பெற்ற ஓட்டுநரும் வேண்டும். நீங்களே ஓட்டும் படகுக்குப் பன்னிரண்டுக்குள்தான், பல படகுக்கு எட்டோ பத்தோதான் சொல்லுவார்கள். இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்பதும் வாடகை ஒப்பந்தத்தில் அநேகமாக இருக்கும். மீறி மோதினால் இன்சூரன்ஸ் கைகழுவிவிடும், டெபாசிட்டும் போகும்.

சொந்தப் படகு வைத்திருப்பவர் ராத்திரியில் ஓட்டலாம், தடை இல்லை. முன்விளக்கு போட்டு மெதுவாகப் போக வேண்டும். அந்த நேரத்தில் லாக் (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டி) வந்தால், மதகைத் தூக்கும் பற்சக்கரத்தின் 'கடகட' சத்தத்தைக் கையால் கொக்கியைப் பிடித்துக் குறைக்கலாம். இறக்கும்போது கைப்பிடியைப் போட்டுச் சுற்றியே இறக்குங்கள், விட்டுவிட்டால் தடாலென்று விழும், இரும்பும் தேயும். லாக்கின் அந்தக் கரையில் நிற்பவரோடு கத்திப் பேசாமல் கையசைத்துப் பேசப் பழகிக்கொண்டால் போதும்.

லண்டனில் இடப் பற்றாக்குறையால் ஒரு படகை ஒட்டி இன்னொரு படகைக் கட்டுவார்கள். வெளிப்பக்கம் இருப்பவர் கரைக்குப் போக உள்பக்கப் படகின் மேல் ஏறித்தான் போக வேண்டும். முன்தளம் வழியாகத்தான் நடக்க வேண்டும், கூரை மேல் நடக்கக் கூடாது, பின்தளம் வழியாகப் போனால் அவர் வீட்டு வாசலில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். பப் மூடிய பிறகு ஆறு நண்பர்களை அழைத்துக்கொண்டு வந்தால் ஆறு ஜோடி ஷூ அவர் தலைமாட்டில் போகும். கட்டும்போதே "நான் வியாழக்கிழமை தாமதமாக வருவேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கு இங்கே இருக்கும் மதிப்பு நம் ஊரில் கூட இல்லை.

தொல்லை உங்களுக்கு என்றால்

முதலில் ஆளைப் பாருங்கள். தனியாக இருக்கும் படகுக்காரர் எஞ்சினை ஒன்பது மணிக்கு ஓட்டிக்கொண்டிருந்தால் போய்த் தட்டலாம். படகின் மேல் ஏறாமல், கரையில் நின்று பக்கவாட்டில் இரண்டு தட்டு, பெயர் சொல்லி அறிமுகம், அப்புறம் விஷயம். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். நம் பையன்கள் கூட்டம் என்று தெரிந்தால் தமிழிலேயே "தம்பி, பக்கத்துல ஆளுங்க தூங்குறாங்கப்பா" என்று சொன்னால் வேலை நடக்கும், நடந்தும் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டுக் கூத்தடிக்கும் கூட்டமாக இருந்தால் தனியாகப் போகவே வேண்டாம். தண்ணீர் ஓரம், இருட்டு, போதை, மூன்றும் சேர்ந்த இடத்தில் வீரம் தேவையில்லை. மிரட்டலோ அடிதடியோ என்றால் அவசர எண் 999. ஆபத்தில்லாத, தொடர்ந்து நடக்கும் ரகளை என்றால் போலீஸின் அவசரமில்லாத எண் 101.

புகார் எழுத மூன்று விஷயம் போதும். ஒன்று, படகின் பதிவு எண். டிரஸ்ட் லைசென்ஸ் வாங்கிய படகு அதை இரண்டு பக்கமும் காட்ட வேண்டும். படகின் பெயர் மட்டும் போதாது, ஒரே பெயரில் பத்துப் படகு இருக்கும். இரண்டு, இடம். கால்வாய்ப் பாலங்களுக்கு எண் இருக்கும், "இன்ன பாலத்துக்கும் இன்ன பாலத்துக்கும் நடுவே" என்று எழுதலாம். மூன்று, தேதியும் நேரமும், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும். வாடகைப் படகு என்றால் கம்பெனி பெயர் பக்கத்திலேயே பெரிதாக எழுதியிருக்கும், முதல் போன் அவர்களுக்குத்தான். டிரஸ்ட்டுக்குப் புகார் செய்தால் லைசென்ஸ் நிபந்தனையைச் சொல்லிக் கடிதம் போகும். ஆனால் நடுராத்திரி ஆள் அனுப்பி ஸ்பீக்கரைப் பிடுங்குவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், அவர்கள் போலீஸ் இல்லை.

கரையோர ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்குக் கவுன்சிலும் (உள்ளூர் நிர்வாகம்) உண்டு. 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் படகும் ஒரு 'இடம்' என்றே கணக்கு, அதனால் படகிலிருந்து வரும் சத்தத்தையும் கவுன்சில் விசாரிக்கலாம். வேடிக்கையான ஒரு விலக்கு அதே சட்டத்தில் இருக்கிறது: பிஸ்டன் வைத்த நீராவி எஞ்சினில் ஓடும் படகுக்கு அது பொருந்தாது. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது நீராவிப் படகாக இருந்தால் உங்கள் ராசி அப்படி. சில கவுன்சில்களில் வெள்ளி, சனி இரவு மட்டும் சத்தப் புகாருக்கு ஆள் இருப்பார்கள், குடிபுகுந்ததும் உங்கள் கவுன்சில் வலைத்தளத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கும்போதே ஒரு வேலை செய்யலாம். 'கால்வாய்க் காட்சி' என்று ஏஜென்ட் புகழும் ஃப்ளாட்டைப் பகலில் மட்டும் பார்க்காமல் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒருமுறை கரையோரம் நடந்து பாருங்கள். லாக் பக்கமும், பாலத்தடியும், பப் தோட்டமும் சத்தம் சேரும் இடங்கள். லிட்டில் வெனிஸ் பக்கம் என்றால் மே மாத முதல் பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை) வார இறுதியில் கனால்வே கேவல்கேட் நடக்கும், 1983 முதல் நடக்கும் படகுத் திருவிழா. அந்த மூன்று நாள் புகார் செய்யாமல் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நீங்களும் போய்வாருங்கள்.

படகைக் கட்ட நிரந்தர இடம் இல்லாதவர்களுக்கான லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தொடர்ந்து நிற்கக் கூடாது. ஆகவே ஜன்னலுக்குக் கீழே இருக்கும் தொல்லை அநேகமாக இரண்டு வாரத்தில் தானே நகரும். படகிலேயே வாழப் போகிறவர்களுக்கு இதன் மறுபக்கம்தான் முக்கியம். இன்று ஆல்பர்டனில் சண்டை போட்டவரை அடுத்த மாதம் கென்சல் கிரீனில் ஒட்டிக் கட்ட வேண்டி வரும், வேறு இடம் இருக்காது.

இதுவரை சொன்னது டிரஸ்ட்டின் கால்வாய்களுக்கு. டெடிங்டனுக்கு மேலே உள்ள தேம்ஸ் என்விரான்மென்ட் ஏஜென்சி கையில், அதற்குக் கீழே போர்ட் ஆஃப் லண்டன் அதாரிட்டி. நார்ஃபோக் பக்கம் பிராட்ஸ் அதாரிட்டி, ஸ்காட்லாந்தில் ஸ்காட்டிஷ் கனால்ஸ். ஒவ்வொன்றுக்கும் விதி தனி, புகார் செய்யும் இடமும் தனி, படகு எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.