படகின் ஜி.பி.எஸ். குறிகளுக்கு ஒரு நகல்

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பகுதிகளிலிருந்து கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் உள்ள வாட்ஜ் பேங்க் என்னும் மீன்பிடித் திட்டு வரை செல்லும் விசைப்படகுகளில், பாறைத் திட்டுகளையும் மீன் கிடைக்கும் இடங்களையும் பற்றிய பல்லாண்டு அறிவு முழுவதும் பெரும்பாலும் வீல்ஹவுஸில் (படகோட்டும் அறையில்) உள்ள ஒரே ஜி.பி.எஸ். கருவியில்தான் இருக்கிறது. உப்புநீர் புகுந்தாலோ, பழுதுபார்ப்பவர் கருவியை ரீசெட் செய்தாலோ அதில் பதிந்துள்ள இடக்குறிகள் அனைத்தும் அழிந்துவிடும்.

மெமரி கார்டு வசதியுள்ள கருவியானால், குறிகளை அதில் பதிந்து, வீட்டுக் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் நகலெடுத்து வையுங்கள். கார்டைக் கருவியிலேயே விட்டுவைப்பது நகலாகாது. மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இதற்கு மிகவும் ஏற்றது.

அந்த வசதி இல்லையென்றால் நோட்டில் எழுதலாம். ஆனால் எண்ணின் வடிவத்தையும் (டிகிரி-நிமிடமா, தசம டிகிரியா என்று) தவறாமல் குறிப்பிட வேண்டும். 7 டிகிரி 45.50 நிமிடம் என்பதை 7.4550 டிகிரி என்று பதிந்தால், படகு குறித்த இடத்திலிருந்து 18 கடல் மைலுக்கும் மேல் தெற்கே போய்விடும். வீணாகும் டீசலும் உழைப்பும் சிறிதல்ல. எனவே எழுதியவற்றுள் சிலவற்றையாவது, கரையை விட்டுக் கிளம்பும் முன்பே வேறொரு கருவியில் ஏற்றிச் சரிபாருங்கள்.

இக்குறிகள் உங்கள் தொழிலின் முதலீடு என்பதால், வாட்ஸ்அப் குழுக்களில் பகிராமல், கடவுச்சொல் இட்ட கோப்பாக வைத்திருங்கள். அக்கடவுச்சொல் வீட்டில் நம்பிக்கையான இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.