சிரோசிஸ் உள்ளவர் ரத்த வாந்தி எடுத்தால் என்ன செய்வது?

வீட்டில் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிப்போகும் நோய்) உள்ள ஒருவர் ரத்த வாந்தி எடுத்தாலோ, தார் மாதிரி கறுப்பாகப் பிசுபிசுவென்று மலம் போனாலோ, விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் வலி இருக்காது, அதை நம்பி ஏமாறவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், குடிக்கச் சாப்பிட எதுவும் கொடுக்காதீர்கள், ராத்திரியிலும் எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யும் மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோங்கள். போனதும் முதலில் சொல்ல வேண்டியது 'சிரோசிஸ் இருக்கிறது' என்பதைத்தான். அதைக் கேட்டதும் சிகிச்சையே வேறு மாதிரி போகும்.

தழும்பேறிய கல்லீரலுக்குள் ரத்தம் நுழைய முடியாமல் அழுத்தம் ஏறுகிறது, அதனால் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் சிரைகள் புடைத்து வெடிக்கின்றன.

'ஏன் இன்னும் குழாய் விடவில்லை' என்று பலரும் அங்கே பதறுவார்கள். பதற வேண்டாம். முதலில் அழுத்தத்தைக் குறைக்க டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைட் என்ற மருந்து, கூடவே ஆன்டிபயாடிக், பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன் தினம் 1 கிராம். ரத்தம் பாட்டில் பாட்டிலாக ஏற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்: ஹீமோகுளோபின் 7 முதல் 8 வரை இருந்தால் பொதுவாகப் போதும், அதற்கு மேல் ஏற்றினால் அழுத்தம் கூடி மறுபடி கசியலாம். நினைவு தடுமாறுகிறவருக்கு ரத்தம் நுரையீரலுக்குள் போகாமல் இருக்க மூச்சுக்குழாயில் டியூப் போடுவார்கள். நிலைமை சீரானதும், வந்த 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி.

உணவுக்குழாய் சிரை என்றால் பேண்டிங். குழாய் முனையில் உள்ள மூடிக்குள் புடைத்த சிரையை உறிஞ்சி, அதன் கழுத்தில் ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள், இரைப்பையை ஒட்டிய இடத்தில் ஆரம்பித்து மேலே ஏறி ஏறி. ரத்தம் வராமல் அந்த முடிச்சு வாடி, சில நாட்களில் வளையத்தோடு உதிர்ந்துவிடும். இரைப்பையின் மேல் வளைவில் உள்ள பெரிய சிரைக்கு வளையம் சரிவராது, அதற்குள் சயனோஅக்ரிலேட் பசையை ஊசியால் செலுத்துவார்கள். இதற்கும் நிற்காவிட்டால் தற்காலிகமாக பலூன் வைத்து அழுத்தி, அப்புறம் கல்லீரலுக்குள்ளேயே ரத்தத்துக்கு மாற்றுவழி போடும் 'டிப்ஸ்'.

என்னைக் கேட்டால் முதல் பேண்டிங்கை விட அடுத்த பேண்டிங் தேதிதான் முக்கியம். ரத்தம் நின்றுவிட்டது, ஆள் நன்றாக இருக்கிறார் என்று அந்தத் தேதியைத் தவறவிடுவது பெரிய ஆபத்து. சிரைகள் முழுதாக மறையும் வரை 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும், அழுத்தத்தைக் குறைக்கும் புரொப்ரனலால் அல்லது கார்வெடிலால் மாத்திரை எழுதித் தந்திருந்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது. முதல் சில நாள் மென்மையான உணவு. நெஞ்சு வலித்தால் ஐப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கமே போகாதீர்கள், மருத்துவரைக் கேட்டுவிட்டு மாத்திரை கொடுங்கள். வளையம் உதிர்ந்த இடத்தில் புண் இருக்கும், அதிலிருந்தும் ரத்தம் வரலாம், அதனால் முதல் இரண்டு வாரம் மலத்தின் நிறத்தைத் தினமும் பாருங்கள், மறுபடி கறுத்தால் அன்றைக்கே கிளம்புங்கள்.