பச்சை டிக் சொல்லாதவை: பேக்கப் நிர்வாகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்கப் மென்பொருள் எதுவாக இருந்தாலும், காலையில் அது அனுப்பும் அறிக்கை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: கொடுத்த ஜாப் (திட்டமிட்ட பேக்கப் வேலை) ஓடி முடிந்ததா? நிர்வாகம் ஒருநாள் வந்து கேட்கப்போவது வேறு: "நேற்று மதியம் இருந்த டேட்டாபேஸ் எத்தனை மணிக்குத் திரும்பக் கிடைக்கும்?" முதல் கேள்விக்குப் பச்சை டிக் கிடைத்தால் இரண்டாவதற்கும் விடை கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். டேட்டா தொலைந்த சம்பவங்களின் அறிக்கைகளைப் படித்துப் பார்த்தால், குற்றவாளி பெரும்பாலும் கன்சோலில் தெரியாத ஏதோ ஒன்றாகவே இருக்கிறது. கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் அந்த வகைதான்.

ஜாப்பில் இல்லாத சர்வர்

தோற்றுப்போன ஜாப் சிவப்பாக வரும், நாமும் ஓடிப்போய்ப் பார்ப்போம். ஜாப்பிலேயே சேர்க்காத சர்வர் எந்த நிறத்திலும் வராது. விஎம் (மெய்நிகர் சர்வர்) உருவாக்குபவர் ஒருவர், பேக்கப் பார்ப்பவர் இன்னொருவர் என்று இருக்கும் இடங்களில் இது நடந்தே தீரும். ஒவ்வொரு விஎம்மாகப் பெயர் சொல்லிச் சேர்ப்பதை விட்டுவிட்டு, ஃபோல்டர் அல்லது டேக் அளவில் ஜாப் அமைத்தால் பாதித் தொல்லை தீரும். மீதிக்கு, மாதம் ஒருமுறை விஎம்களை நிர்வகிக்கும் விசென்டரிலிருந்தோ கிளவுட் கணக்கிலிருந்தோ முழுப் பட்டியலை எடுத்து, பேக்கப் மென்பொருளின் பட்டியலோடு எக்செல்லில் ஒப்பிடுங்கள். அப்படியே விலக்குப் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். தற்காலிகமாக என்று யாரோ எடுத்துவிட்ட டிஸ்க்குகள் அங்கே வருடக்கணக்கில் கிடக்கும்.

அளவு பெரிது என்பதற்காக விட்டுவைப்பதும் உண்டு. 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜான் நகரில் இருந்த அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைப் போட்டுவைத்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் அதில் போய்விட்டது. மொத்தம் 858 டெராபைட். கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் வெளியே பிரதி வைக்கவில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். உங்கள் இடத்திலும் ஒரு சர்வரை அப்படி விட்டுவைக்க வேண்டிய நிலை வந்தால், அந்த முடிவை எழுத்தில் வையுங்கள், டேட்டாவுக்குப் பொறுப்பான துறைத் தலைவரிடம் கையெழுத்தும் வாங்குங்கள். கையெழுத்து என்றதும் பல நேரம் பட்ஜெட் எங்கிருந்தோ கிளம்பி வந்துவிடும்.

மெயில் வரவில்லை, அதனால் எல்லாம் சரி

2017 ஜனவரி 31 இரவு, நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில் நடந்ததை அந்த நிறுவனமே பின்னர் ஒளிவுமறைவில்லாமல் வெளியிட்டது. ரெப்ளிகேஷன் (டேட்டாவை இன்னொரு சர்வருக்கு உடனுக்குடன் நகலெடுப்பது) சிக்கல் ஒன்றைச் சரிசெய்யும்போது, இரண்டாம் நிலை சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் டைரக்டரியை ஒரு பொறியாளர் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். சரி, தினசரி பேக்கப் இருக்கிறதே என்று அமேசானின் எஸ்3 சேமிப்பகம் பக்கம் போனால் அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு; பேக்கப்புக்காக ஓடிய பிஜி-டம்ப் கருவி 9.2. பதிப்பு ஒத்துவராமல் அது ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. தோல்வி மெயிலும் கிளம்பத்தான் செய்திருக்கிறது. டிமார்க் என்ற மெயில் அனுப்புநர் சரிபார்ப்பில் தேறாததால், பெறும் பக்கமே அதை நிராகரித்திருக்கிறது. கடைசியில் காப்பாற்றியது, சுமார் 6 மணி நேரம் முன்பு வேறொரு வேலைக்காகக் கையால் எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்தக் கணத்துப் பிரதி).

தோல்விக்கு மெயில் அனுப்பு என்ற அமைப்பு, மெயில் போகும் வழியே அடைபட்டால் ஊமையாகிவிடும். அதனால் எச்சரிக்கையைத் தலைகீழாக வையுங்கள். பேக்கப் மென்பொருளுக்கு வெளியே உள்ள கண்காணிப்புக் கருவி ஒன்று ஒவ்வொரு சர்வரின் கடைசி நல்ல ரீஸ்டோர் பாயின்ட்டை (மீட்கக்கூடிய பிரதியை) பார்க்கட்டும். அது 26 மணி நேரத்தைத் தாண்டிப் பழையதாகிவிட்டால் அலாரம் அடிக்கட்டும். கூடவே அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். நேற்று 400 ஜிபி, இன்று 3 ஜிபி என்றால் டிக் பச்சையாக இருந்தாலும் ஏதோ கோளாறு.

ஜாப் முடிந்தது, உள்ளே என்ன இருக்கிறது?

என் கணிப்பில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை ஸ்னாப்ஷாட் வழியாக எடுத்தால் கிடைப்பது, திடீரென்று மின்சாரம் போன கணத்தில் டிஸ்க் எப்படி இருந்ததோ அப்படிப்பட்ட பிரதி. சாதாரண ஃபைல் சர்வருக்கு அது போதும். டேட்டாபேஸ், மெயில் சர்வர் போன்றவற்றுக்கு, நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் இறக்கி ஒரு நொடி நிதானிக்க வைக்க விண்டோஸில் விஎஸ்எஸ் ரைட்டர்கள் இருக்கின்றன. ரைட்டர் தோற்றால் என்ன செய்வது என்று மென்பொருள் அமைக்கும்போதே கேட்கும். தோற்றாலும் தொடர் என்று கொடுத்துவைத்தால் அன்றிலிருந்து ஜாப் மஞ்சளில் முடியும். ஒரு வாரம் மஞ்சளைப் பார்த்த கண்ணுக்கு அப்புறம் அது பச்சையாகவே தெரியும். முக்கிய டேட்டாபேஸ் சர்வர்களில் மட்டுமாவது, தோற்றால் ஜாப்பையே தோற்கடி என்று வைப்பது நல்லது. சிவப்பைத்தான் யாரும் அலட்சியம் செய்வதில்லை.

இரண்டு பேர் ஒரே டேட்டாபேஸைத் தனித்தனியாக பேக்கப் எடுப்பது இன்னொரு சிக்கல். மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு இரவு உங்கள் மென்பொருள் ஃபுல் பேக்கப் எடுக்கிறது, மற்ற நாட்களில் டிஃபரென்ஷியல் (கடைசி ஃபுல்லுக்குப் பிறகு மாறியது மட்டும்). புதன் காலை டெஸ்ட் சூழலுக்குப் பிரதி வேண்டும் என்று டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) ஒரு ஃபுல் பேக்கப் எடுத்து, டெஸ்ட்டில் ஏற்றிவிட்டு, ஃபைலை அழித்துவிடுகிறார். அந்தக் கணத்திலிருந்து டிஃபரென்ஷியலுக்கு அடிப்படை ஞாயிறு எடுத்த ஃபுல் அல்ல, புதன்கிழமையின் ஃபுல். புதன் இரவும் வியாழன் இரவும் டிஃபரென்ஷியல் ஜாப்கள் பச்சையாக முடியலாம். வெள்ளியன்று டிஸ்க் போய், ஞாயிறு ஃபுல்லின்மேல் வியாழன் டிஃபரென்ஷியலை ஏற்றினால் எஸ்கியூஎல் சர்வர் ஏற்க மறுத்துவிடும். அழித்த அந்த ஃபைல் இல்லாமல் அவை இரண்டும் வெறும் எடைதான்.

லாக் (டேட்டாபேஸ் மாற்றங்களின் பதிவு) பேக்கப்புகள் ஞாயிற்றிலிருந்து அறுபடாமல் இருந்தால் தப்பிக்கலாம், ஏனென்றால் ஃபுல் பேக்கப் எடுப்பது லாக் சங்கிலியை அறுக்காது. ஆனால் லாக்கையும் இரண்டு கருவிகள் எடுத்துக்கொண்டிருந்தால் சங்கிலியின் ஒரு கண்ணி இங்கே, அடுத்தது அங்கே என்று சிதறிக் கிடக்கும். இதற்கு மருந்து எளிது: இடையில் எடுக்கும் எந்தப் பிரதியையும் டிஃபரென்ஷியலின் அடிப்படையை மாற்றாத காப்பி-ஒன்லி முறையில் எடுக்கச் சொல்லுங்கள். விஎம் அளவிலான ஜாப்பும் டிபிஏவின் சொந்த ஜாப்பும் சேர்ந்து ஓடும் சர்வரில், விஎம் ஜாப்பைக் காப்பி-ஒன்லி ஆக்கிவிட்டு லாக்குக்கு ஒருவரை மட்டும் பொறுப்பாக்குங்கள். எஸ்கியூஎல் சர்வரின் எம்எஸ்டிபி டேட்டாபேஸில் உள்ள பேக்கப்செட் அட்டவணையைப் பார்த்தால் யார், எப்போது, எந்த வகை பேக்கப் எடுத்தார்கள் என்பது வரிசையாகத் தெரியும். நீங்கள் எதிர்பார்க்காத பெயர் ஒன்று அதில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

ரெப்ளிகேஷன் இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று இன்னும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். தவறுதலாக ஓட்டிய டிலீட்டும் நொடிகளில் ரெப்ளிகேட் ஆகும் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்களுக்கு இரண்டும் சேர்ந்தே போயின. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 விதி பழையதுதான், இன்னும் செல்லுபடியாகிறது.

யாரால் அழிக்க முடியும்?

ரான்சம்வேர் கும்பல் உள்ளே வந்ததும் தேடும் முதல் இடங்களில் ஒன்று பேக்கப் சர்வர். அதை அழித்துவிட்டால்தானே பணம் வரும். ஆனாலும் பல இடங்களில் பேக்கப் சர்வரை, நிறுவனத்தின் கணக்குகளை நிர்வகிக்கும் பொது ஆக்டிவ் டைரக்டரி டொமைனிலேயே சேர்த்து, டொமைன் அட்மின் கணக்கில் ஓட்டுகிறார்கள். டொமைன் போனால் பேக்கப்பும் போச்சு. தனி கணக்கு, எம்எஃப்ஏ (பாஸ்வேர்டோடு இன்னொரு அடையாளச் சரிபார்ப்பு), டொமைனுக்கு வெளியே அல்லது தனி மேலாண்மை டொமைன் என்று வையுங்கள். அந்த சர்வர் ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்), டேட்டாபேஸ், ஸ்டோரேஜ் எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் வைத்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். பேட்ச் போடுவதை "பேக்கப் விண்டோ முடியட்டும்" என்று தள்ளிக்கொண்டே போவதன் விலை 2024-இல் தெரிந்தது. செப்டம்பரில் திருத்தம் வெளியான வீம் பேக்கப் மென்பொருளின் சிவிஇ-2024-40711 என்ற பாதுகாப்பு ஓட்டையை, அகிரா, ஃபாக் ரான்சம்வேர் தாக்குதல்களில் அடுத்த மாதமே பயன்படுத்தியிருந்தார்கள்.

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கிளவுட் கன்சோல் ஒரு தாக்குதல்காரர் கைக்குப் போனது. சர்வர்களோடு ஸ்னாப்ஷாட்களையும் பேக்கப்புகளையும் அதே கன்சோலிலிருந்தே அழித்தார். நிறுவனம் மூடப்பட்டது. பேக்கப் வேறு கணக்கில் இருந்திருந்தால் கதை மாறியிருக்கலாம். இன்று அதற்கு மேலும் ஒரு வசதி இருக்கிறது, குறிப்பிட்ட காலம் வரை யாராலும் அழிக்க முடியாத பிரதி. எஸ்3 ஆப்ஜெக்ட் லாக்கில் இரண்டு முறைகள் உண்டு. கவர்னன்ஸ் முறையில் சிறப்பு அனுமதி உள்ளவர் பூட்டைத் தாண்டலாம். கம்ப்ளையன்ஸ் முறையில் ரூட் கணக்குக்கும் வழி இல்லை. கவர்னன்ஸைப் போட்டுவிட்டு மாற்ற முடியாத பேக்கப் என்று அறிக்கையில் எழுதுவது நம்மை நாமே ஏமாற்றுவது. கம்ப்ளையன்ஸில் 30 நாளுக்குப் பதில் 3000 நாள் என்று தட்டிவிட்டால் அத்தனை நாளும் பில் கட்ட வேண்டும், அதையும் கவனியுங்கள்.

சொந்த சர்வரில் பூட்டிய ரெப்பாசிட்டரி (பேக்கப் சேமிப்பிடம்) வைத்திருப்பவர்கள் இரண்டு பின்வாசல்களை அடிக்கடி மறக்கிறார்கள். ஒன்று, கடிகாரம். பூட்டு நேரத்தை வைத்துத் திறக்கிறது என்றால், நேரத்தை முன்னே தள்ளினால் பூட்டும் திறக்கலாம். இரண்டு, ஐடிராக், ஐலோ போன்ற தொலை மேலாண்மை போர்ட். அதன் வழியாக வருபவர் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தொடாமலே ரெய்டை (டிஸ்க் தொகுப்பை) அழித்துவிடலாம். அந்த போர்ட்டைப் பொது நெட்வொர்க்கில் விட்டுவைக்காதீர்கள்.

அழிப்பவர் எப்போதும் எதிரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர்கம்ப்யூட்டரில் பேக்கப் ஸ்கிரிப்ட்டே சுமார் 77 டெராபைட்டை, ஏறக்குறைய 3.4 கோடி ஃபைல்களை, அழித்தது. பழைய லாக்குகளை நீக்க எழுதிய ஸ்கிரிப்ட் அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். ஸ்கிரிப்ட்டை இயக்கும் பாஷ் நடுவிலிருந்து புதிய ஃபைலைப் படிக்க, வேரியபிள்கள் வெறுமையாக இருந்தன, அழிக்கும் கட்டளை வேறு டைரக்டரியில் பாய்ந்தது. ஜாப்புக்கு முன்னும் பின்னும் ஓட நீங்கள் எழுதிவைத்த ஸ்கிரிப்ட்களில், வரையறுக்காத வேரியபிள் வந்தால் உடனே நின்றுவிடும் அமைப்பு இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

சாவியும் நேரமும்

பேக்கப்பை என்கிரிப்ட் செய்துவிட்டு, அந்த பாஸ்வேர்டை அதே பேக்கப்பில் அடங்கும் ஒரு விஎம்மில் ஓடும் பாஸ்வேர்ட் வால்ட்டில் வைப்பது, சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுவதுதான். காகிதத்தில் அச்சடித்து, உறையில் ஒட்டி, வேறு இடத்தில் லாக்கரில் வையுங்கள். பேக்கப் சர்வரின் சொந்த அமைப்புகளையும் கேட்டலாக்கையும் தனியாக வேறிடத்தில் எடுத்துவையுங்கள். இல்லையென்றால் டேப்களில் டேட்டா இருக்கும், எந்த டேப்பில் எது என்பது தெரியாது. வீமில் இன்னொரு விஷயம்: என்கிரிப்ட் செய்யாத கான்ஃபிகரேஷன் பேக்கப்பில் சேமித்த பாஸ்வேர்ட்கள் வராது.

ரீஸ்டோர் நேரத்தை யாரும் கணக்குப் போடுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான். 1 ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு 125 எம்பிக்கு மேல் போகாது. 20 டெராபைட்டை அதன் வழியே இழுக்க 44 மணி நேரத்துக்கும் மேல். வெள்ளி இரவு 10 மணிக்குத் தொடங்கினால் ஞாயிறு மாலை ஆகிவிடும், அதுவும் எங்கும் தடங்கலே இல்லாவிட்டால். டீடூப்ளிகேஷன் (ஒரே துண்டு பலமுறை வந்தாலும் ஒருமுறை மட்டும் வைப்பது) செய்த ஸ்டோரேஜில் சிதறிக் கிடக்கும் துண்டுகளைத் தேடிச் சேர்க்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் இதைவிட மெதுவாகத்தான் வரும். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் சேமிப்பகத்தில் போட்டுவைத்தால், சாதாரண முறையில் கைக்கு வரவே 12 மணி நேரம் வரை ஆகும், மலிவான பல்க் முறையில் 48 மணி நேரம் வரை. நாலு மணி நேரத்தில் மீட்போம் என்று எங்கேயாவது எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கை இன்றே போடுங்கள்.

சோதனை ரீஸ்டோர் என்று ஒரு வேர்ட் ஃபைலை மீட்டெடுத்து டிக் அடிப்பதில் பயனில்லை. ஒரு முழு சேவையை, தனித்த நெட்வொர்க்கில், வழக்கமாக அந்த வேலையைச் செய்யாத ஒருவரைக் கொண்டு எழுப்பச் சொல்லுங்கள். டொமைன் கன்ட்ரோலரும் (டொமைன் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்) டிஎன்எஸ்ஸும் (சர்வர் பெயரிலிருந்து முகவரி கண்டுபிடிக்கும் சேவை) முதலில் வராமல் டேட்டாபேஸ் சர்வரில் லாகின்கூட ஆகாது என்பது அப்போதுதான் தெரியவரும். டொமைன் கன்ட்ரோலரை மீட்க டிஎஸ்ஆர்எம் (அதன் மீட்பு முறை) பாஸ்வேர்ட் வேண்டும் என்பதும், அது யாருக்கும் நினைவில்லை என்பதும் அப்படித்தான் வெளியே வரும். டொமைன் கன்ட்ரோலரின் பேக்கப் டூம்ப்ஸ்டோன் காலத்தை (அழித்த பதிவுகளின் அடையாளம் வைக்கப்படும் காலத்தை) தாண்டியிருந்தால், இயல்பாக அது 180 நாள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

டேப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். எல்டிஓ என்ற டேப் வகையில், 7-ஆம் தலைமுறையான எல்டிஓ-7 வரையிலான டிரைவ்கள் இரண்டு தலைமுறை பின்னே வரை படித்தன. எல்டிஓ-8 ஒரு தலைமுறைதான் படிக்கும். பத்தாண்டு வைத்திருக்க வேண்டிய எல்டிஓ-6 டேப்கள் அலமாரியில் இருக்க, புதிய டிரைவ் வந்த மகிழ்ச்சியில் பழைய டிரைவைக் கழிவில் போட்டுவிட்டால் அந்த டேப்களைப் படிக்க ஆளில்லை. புதிய டிரைவுக்கு ஆர்டர் போடும்போதே, எந்தெந்த டேப்களை நகலெடுத்து மாற்ற வேண்டும், அதற்கு எத்தனை வாரம் பழைய டிரைவ் ஓட வேண்டும் என்பதையும் அதே கோப்பில் எழுதிவிடுங்கள்.