கற்பனை மீனவர் ஊரை உப்பிலிருந்து தொடங்குங்கள்

மாயக்கதைக்காக ஒரு மீனவர் ஊரை உருவாக்கும்போது நான் முதலில் அரசனைப் பற்றி யோசிப்பதில்லை. உப்பு யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பேன். பிடித்த மீன் சீக்கிரம் கெட்டுவிடும். உப்பு வைத்திருப்பவன் சொல்வதுதான் விலை. இடைக்காலத்தில் வட ஜெர்மனியின் லூபெக் துறைமுக நகர வணிகர்கள் இப்படித்தான் செழித்தார்கள்: பக்கத்து லூனெபுர்க் நகரின் உப்பை, இன்றைய தெற்கு ஸ்வீடனில் உள்ள ஸ்கோனியா கரையின் ஹெர்ரிங் மீனோடு சேர்த்தார்கள்.

அடுத்து கடன். படகுக்கும் வலைக்கும் வியாபாரி முன்பணம் கொடுக்கிறான். பதிலுக்கு மீனை அவனுக்கே, அவன் கேட்ட விலைக்கே போட வேண்டும். இதை ஒரு வீட்டுக்குள் வைத்து எழுதுங்கள். விளக்கடியில் ஒருத்தி கிழிந்த வலையை முடைகிறாள். ஊசி நின்று நின்று போகிறது, வாசலில் கணக்குப்பிள்ளை நிற்கிறான். இப்படி ஒரு காட்சி கிடைக்கும்வரை நான் வரைபடத்தைத் தொடுவதில்லை.

அப்புறம்தான் ஆட்சி மாற்றம். புது அரசு உப்புக்கு வரி போடுகிறது. சரி, யார் தாங்குவார்? பெரிய படகுக்காரர் உப்பை முன்பே பதுக்கியிருப்பார். சின்னப் படகுக்காரர் வந்த விலைக்கு அன்றே விற்றாக வேண்டும்.

மந்திரமும் இந்தக் கணக்கைத் தொடட்டும். புயலுக்குப் பயந்து காற்றையே கட்டிப்போட்டால், கரையில் கருவாடு காயவைப்பவர்கள் என்ன செய்வார்கள்?